முன்பாரம்

டெக்சாஸில் இருக்கும் பெரியப்பா மகன் போன மார்கழியில் ஒரு ராத்திரி போன் பண்ணினார். நான் லீவுக்கு ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எடுத்ததும், “டேய், வீடு அழுகிடுச்சுடா” என்றார். பதறிப்போய் எந்த வீடு என்று கேட்டேன்.

“வண்டி வீடுடா.”

அண்ணனுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயசு கூட. பத்து வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பிக்கப் டிரக்கின் பின்னால் ஒரு சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு காடு மலை என்று ஒரு மாசம் சுற்றுவார். பழைய வீடு 2008 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூரை மூலையில் நீர் கசிந்து, சுவரின் உள்பலகை உப்பி, கட்டில் பக்கம் தரை காலை வைத்தால் அமுங்குகிற நிலைக்கு வந்துவிட்டது. இனி ஒட்டுப்போட முடியாது, புதுசு வாங்கணும். ஏழு மாடல் பார்த்து வைத்திருக்கிறார். “நீதான் சாப்ட்வேர்காரன். ஒரு எக்செல் போட்டுக் குடு, எது நல்லதுன்னு பார்ப்போம்.”

இந்த வகை வீட்டுக்கு ‘ஃபிப்த் வீல்’ என்று பெயர். சாதாரண டிரெய்லர் வண்டியின் பின் பம்பருக்குக் கீழே ஒரு குண்டில் மாட்டும். இது அப்படியில்லை. வீட்டின் முன்பகுதி கழுத்தை நீட்டி டிரக்கின் சரக்குப் பெட்டிக்குள் வந்து, பின் அச்சுக்கு நேர் மேலே ஒரு இரும்புத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் கன்டெய்னர் லாரியை உற்றுப் பார்த்திருந்தால் அந்தத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். குதிரை லாடம் மாதிரி பிளந்து, கிரீஸ் பூசிக் கறுத்துக் கிடக்கும். திண்டிவனம் புறவழிச்சாலையில் நிற்கிற டிரெய்லர் டிரைவர்கள் யாரைக் கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்வார்கள்.

எக்செல் போட்டேன். நீளம், படுக்கை எத்தனை, நின்ற இடத்தில் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும் சுவர்கள் எத்தனை, பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, சோலார், டயர், விலை. பதினாலு பத்தி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கடைசியில் கூட்டல். அண்ணன் ஆசைப்பட்ட முப்பத்தாறு அடி வீடே முதலிடத்தில் வந்தது. இரண்டு சோபா, மின்சார அடுப்புத்தீ, சமையல் மேடை நடுவில் தனித் தீவு மாதிரி. முழுசா சாமான் ஏற்றினால் 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ. அவருடைய டிரக் 15,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. ஆயிரம் பவுண்டு மிச்சம். எனக்கும் திருப்தி.

அப்பா பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். (எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர். இனி அப்படியே எழுதுகிறேன்.) போனை வாங்கிப் படத்தைப் பெரிசாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரே கேள்வி.

“இதுல முன்பாரம் எவ்ளோ வருது?”

என் பதினாலு பத்தியில் அது இல்லை.

*

எங்கள் பிரம்மதேசம் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருப்பது. சோழர் கோயில்கள் உள்ள பிரம்மதேசம் இதே மாவட்டத்தில் எண்ணாயிரத்துப் பக்கம் இருக்கிறது. பேரைச் சொன்னதும் வரலாறு தெரிந்த நண்பர்கள் அந்த ஊரைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் சில சமயம் திருத்துவதில்லை. ஆனால் எங்கள் ஊருக்கும் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. அது வண்டிகள் போன வழி.

சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்டது ஓய்மா நாடு. அவனுடைய கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் ஒரு பகுதி. அந்த நூல் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மரக்காணத்தில் இன்றும் உப்பளம். கடற்கரையில் உப்பு, உள்நாட்டில் நெல், நடுவில் ஒரு பாதை. அப்படியென்றால் அந்தப் பாதையில் உமணர்கள் போயிருப்பார்கள் என்று நினைக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

உமணர் என்றால் உப்பு வணிகர். ஆனால் அவர்கள் சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போனவர்கள் கிடையாது. குடும்பத்தோடு, வரிசை வரிசையாக, மாசக்கணக்கில் வண்டியிலேயே வாழ்ந்தவர்கள். அந்த வண்டி வரிசைக்கு ஒழுகை என்று பேர். சிறுபாணாற்றுப்படையில் உமணர் ஒழுகையோடு ஒரு குரங்கே கூட வருகிறது, அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறது. அண்ணன் வீட்டு நாய் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு போகும் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரங்குதான் ஞாபகம் வரும். புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? உமணர் வண்டிக்கு அடியில் கட்டிவைத்த சேம அச்சுக்கு. மாடு இளசு, பாரம் பெரிசு, வழியில் பள்ளம் வரும் மேடு வரும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு உபரி அச்சு. ஸ்டெப்னி என்று நாம் சொல்கிற பழக்கத்துக்கு வயசு குறைந்தது ஆயிரத்தெண்ணூறு வருஷம்.

அந்த வண்டிகளில் இல்லாத ஒன்று ஐந்தாவது சக்கரம். ஏன் இல்லை என்பதில் கொஞ்சம் இயந்திரவியல் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டி திரும்புவதற்குத் தனியாக எதுவும் வேண்டாம். மாடு திரும்பினால் ஏர்க்கால் திரும்பும், ஏர்க்கால் திரும்பினால் வண்டி அச்சோடு சேர்ந்து திரும்பும். நாலு சக்கரம் வைத்தால்தான் பிரச்சினை. முன் அச்சு தனியாகத் திரும்பினால் ஒழிய வண்டி வளையாது. நம் கோயில் தேர்களைப் பாருங்கள். அச்சு அசையாது. அதனால்தான் வீதி முக்கில் முட்டுக்கட்டை போட்டு, சறுக்க வைத்து, ஊரே மூச்சுப் பிடித்து இழுத்துத் திருப்புகிறோம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை.

ஐரோப்பாவில் குதிரை பூட்டிய நாலு சக்கர வண்டிக்கு வேறு வழி கண்டார்கள். முன் அச்சுக்கு மேலே ஒரு வளையத்தைப் படுக்கவைத்து, அதன் மேல் வண்டியின் உடலை உட்கார வைத்தார்கள். அச்சு அந்த வளையத்தில் சுழலும். தரையைத் தொடாத, படுத்த நிலையில் இருக்கிற அந்த வளையத்துக்குத்தான் ஐந்தாவது சக்கரம் என்று பேர் வந்தது. மோட்டார் வந்த பிறகும் பேர் ஒட்டிக்கொண்டது. 1914இல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் ஃபிரெடெரிக் சிப்லி என்ற மரவியாபாரி வந்து, என் படகை ஏரிக்குக் கொண்டுபோக ஏதாவது செய்து கொடு என்றார். ஃப்ரூஹாஃப் அவருடைய ஃபோர்டு மாடல் டி காரின் பின்பாகத்தில் முன்பக்கத்தைச் சாய்த்துவைக்கிற மாதிரி ஒரு வண்டி அடித்துக் கொடுத்தார். முன்னால் சக்கரம் இல்லாததால் அரை டிரெய்லர் என்று பேர். நம் தேசிய நெடுஞ்சாலையில் இன்று ஓடும் டிரெய்லர் லாரிகளுக்கு அந்தப் படகு வண்டி ஒரு வகையில் பாட்டன்.

அதில் வீட்டைக் கட்டியவர்களில் முக்கியமானவர் கிளென் கர்டிஸ். விமான வரலாற்றில் ரைட் சகோதரர்களோடு சண்டை போட்டவராகத்தான் அவரை நமக்குத் தெரியும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், விமானம் என்று போன அவர் 1928இல் ஏரோகார் என்ற இழுவை வீட்டைக் கொண்டுவந்தார். விமானம் மாதிரியே எடை குறைந்த சட்டம். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் செய்த இணைப்பு. காரின் பின்பகுதிக்குள் காற்றடைத்த ஒரு டயரைப் படுக்க வைத்து, அதன் நடுவில் வீட்டின் மூக்கைச் சொருகினார். சாலைக் குலுக்கலை அந்த டயர் வாங்கிக்கொள்ளும். நிஜமாகவே ஐந்தாவது சக்கரம்! பாரத்தைக் கார் பம்பரின் வாலில் தொங்கவிடாமல் பின் அச்சை ஒட்டி உட்கார வைத்ததால் வண்டி வாலாட்டாது.

பாரத்தை அங்கே வைத்தால் ஒரு கணக்கு வரும். பம்பரில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தை இழுக்கிற வண்டி மேல் வைக்கும். ஃபிப்த் வீல் சுமார் இருபது சதவீதத்தை வைக்கும். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. அப்பா கேட்டது இதைத்தான்.

*

வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பது பாலபாடம். அச்சுக்கு முன்னால் எடை அதிகமானால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகமானால் பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பின்பாரமாக ஏற்றிவிட்டு மேட்டில் ஏறினால் வண்டி குடைசாய்ந்து மாடு அந்தரத்தில் தொங்கும். அதனால் ஒரு கையளவு முன்பாரம் இருக்கணும். அதற்கு மேல் போகக்கூடாது. இறக்கத்தில் எடை தானாக முன்னால் வரும் என்பதால் வண்டிக்காரர் பின்னுக்கு நகர்ந்து உட்காருவார், அல்லது இறங்கி நடப்பார்.

கணக்காகவும் பார்க்கலாம். வண்டியும் சரக்கும் சேர்த்து ஆயிரம் கிலோ. அச்சிலிருந்து நுகத்தடி வரை மூன்று மீட்டர். மொத்த எடையின் மையம் அச்சுக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் நுகத்தடியில் முப்பத்து மூன்று கிலோ. முப்பது சென்டிமீட்டர் தள்ளிப்போனால் நூறு கிலோ. கிட்டத்தட்ட ஒரு ஜாண் நகர்ந்ததுக்கு மூன்று மடங்கு. எங்கள் தாத்தாவுக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. ஆனால் வண்டியில் ஏற்றி முடித்ததும் ஏர்க்காலை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார் என்று அப்பா சொல்வார். தூக்க வந்தால் சரி, வரவில்லை என்றால் ஒரு மூட்டையைப் பின்னால் தள்ளு.

தாத்தாவிடம் ஒரு கூண்டு வண்டி இருந்தது. கருவேலங் குடம், ஆரக்கால், வட்டை, அதைச் சுற்றி இரும்புப் பட்டா. மேலே மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. பங்குனி உத்திரத்துக்கு மயிலம், மாசியில் மேல்மலையனூர், கார்த்திகையில் தீபம் பார்த்துவிட்டு அப்படியே மாட்டுச் சந்தைக்குத் திருவண்ணாமலை. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம், புளிச்சோற்றுத் தூக்கு, தண்ணிக் குடம், மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டை. அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். மாட்டை அவிழ்த்துவிட்டால் ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுத்து வண்டியை மட்டமாக நிறுத்தி, பெண்களும் பிள்ளைகளும் உள்ளே, ஆம்பளைகள் வண்டிக்கு அடியில் படுப்பார்கள். அண்ணனுடைய வீடு டிரக்கைக் கழற்றியதும் பட்டனை அமுக்கினால் இரண்டு இரும்புக் கால்களை இறக்கி நிற்கிறது. அதே முட்டுதான்.

1972 பங்குனியில் அப்பாவின் பாட்டியும் மயிலம் வருவேன் என்று அடம் பிடித்தார். நடக்க முடியாதவர். அவர் காலை நீட்டிப் படுக்கத் தாத்தா கூண்டை முன்பக்கம் முக்கால் முழம் இழுத்துக் கட்டினார், அங்கேயே ஒரு டிரங்குப் பெட்டியும் ஏறியது. ஏர்க்காலைத் தூக்கிப் பார்க்கும் வழக்கத்தை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டாரா, தூக்கிப் பார்த்தும் அம்மாவுக்காகப் பேசாமல் இருந்துவிட்டாரா என்று அப்பாவுக்கே தெரியாது. மயிலத்தில் அவிழ்க்கும்போது வலத்து மாட்டின் கழுத்து வீங்கியிருந்தது. திரும்பி வருவதற்குள் தோல் பிய்ந்து புண். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆறியது. பூட்டினால் மறுபடி பிளந்தது. “தாத்தா அந்த மாட்டு மூஞ்சியைப் பாக்காம கழுத்தை மட்டும் பாத்துக்கினு மருந்து போடுவாரு” என்றார் அப்பா. இதைச் சொல்லும்போது அவர் கை மல்லாட்டை உரிப்பதை நிறுத்தியிருந்தது.

வண்டியை மாற்றுவது என்று முடிவானது. ஆசாரி மூன்று வழி சொன்னார். இதே மாதிரி கூண்டு வண்டியைச் சரியான அளவில் புதுசாகச் செய்யலாம். வில் வண்டி வாங்கலாம். அடியில் எஃகு வில் வைத்தது, பவிசு, சவாரிக்கு மட்டும் ஆகும். இல்லையென்றால் டயர் வண்டி. பதினைந்து வயசு அப்பாவுக்கு வில் வண்டி மேல் ஆசை. பாட்டிக்குக் கூண்டு. தாத்தா டயர் வண்டியை எடுத்தார்.

அந்தத் தேர்வில் நியாயம் இருந்தது. இரும்புப் பட்டா மண்ணில் வெட்டிக்கொண்டு இறங்கும், டயர் பரவி மிதக்கும். மர அச்சில் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மை போட்டால்தான் ஓடும், டயர் வண்டியில் பேரிங். அரசாங்கமே இதைக் கணக்கில் எடுத்திருந்தது. 1965இல் வந்த இழுவை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளில் ஒரு அட்டவணை உண்டு. நடுத்தர எருதுகள் பூட்டிய இரண்டு சக்கர வண்டி காற்றடைத்த டயர் இல்லாவிட்டால் 700 கிலோ ஏற்றலாம். டயர் இருந்தால் 1,050. பால் பேரிங் இருந்தால் 1,400. மாடு அதேதான். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை பூட்டக்கூடாது என்றெல்லாமும் அந்த விதிகளில் இருக்கிறது. திண்டிவனம் வெயிலில் யார் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

இந்த அட்டவணையை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் உறுத்தியது. டயர் இழுப்பைச் சுலபமாக்குகிறது. சுலபமான அளவுக்கு மாட்டுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, சரக்கு கூடியது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கூண்டு வண்டியில் ஏழெட்டு மூட்டை ஏற்றித் திண்டிவனம் போன தாத்தா, டயர் வண்டியில் பன்னிரண்டு ஏற்றினார். நுகத்தடி பழசுதான். அதே உருண்டைக் கட்டை, கழுத்தில் படுகிற இடம் அதே உள்ளங்கை அகலம்.

பெங்களூர் ஐஐஎம்மின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி எழுபதுகளில் மாட்டு வண்டியைப் பற்றி ஆராயப் புறப்பட்டபோது, மேனேஜ்மென்ட் சொல்லித்தருகிறவருக்கு இது என்ன வேலை என்று சிரித்தவர்கள் உண்டு. நாட்டில் ஒரு கோடிக்கு மேல் மாட்டு வண்டி ஓடிய காலம் அது. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயங்களில் ஒன்று நுகத்தடி. சக்கரத்தை மாற்றினால் போதாது, பாரம் கழுத்தில் படுகிற பரப்பை அகலமாக்கணும், கழுத்துப் புண்ணால் மாட்டின் வேலைத்திறனும் ஆயுளும் போகிறது என்றார். மேம்பட்ட வண்டிகளும் செய்துபார்த்தார்கள். அவை பரவுவதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. டயர் மட்டும் ஊர் ஊராகப் பரவியது. டயரை வாங்கினால் வருமானம் கூடும். அகலமான நுகத்தடியை வாங்கினால் மாட்டுக்கு வலி குறையும், அவ்வளவுதான். இப்படிச் சொல்வது கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டிலேயே அதுதான் நடந்தது என்பதால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

டயர் வண்டி வந்தபின் மயிலத்துக்கு ராத்தங்கலாகப் போவது நின்றுபோனது. தட்டையான மொட்டை வண்டி அது, கூண்டு கட்ட வாகில்லை. பஸ்ஸும் அதிகமாகிவிட்டது. வலத்து மாட்டை அடுத்த தீபத்துச் சந்தையில் விற்றார்கள். யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று தாத்தா கடைசி வரை சொல்லவில்லையாம்.

*

மறுநாள் காலை எக்செல்லில் பதினைந்தாவது பத்தியைச் சேர்த்தேன். அண்ணனிடம் டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். விளம்பரத்தில் இருப்பது இழுக்கும் திறன். ஸ்டிக்கரில் இருப்பது சுமக்கும் திறன். 2,900 பவுண்டு, அதாவது 1,315 கிலோ. அதில் நாலு பேரும் நாயும் 260 கிலோ, இணைப்புத் தட்டு 80 கிலோ. மிச்சம் 975.

பழைய வீடு சாமானோடு 4,300 கிலோ, இருபது சதவீதம் 860. தாங்கியது. முப்பத்தாறு அடி வீடு 6,350 கிலோ. இருபது சதவீதம் 1,270. கிட்டத்தட்ட முந்நூறு கிலோ அதிகம், அதுவும் பின் டயர், பின் ஸ்பிரிங், பின் அச்சு மேல். விற்பனைக் கையேட்டில் போட்டிருப்பது காலி எடை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. தண்ணித் தொட்டி நிரப்பினாலே இருநூறு கிலோவுக்கு மேல் ஏறிவிடும். இன்ஜின்கள் வருஷா வருஷம் பலமாகி, இழுக்கும் எண் ஏறிக்கொண்டே போகிறது. கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எண் அந்த வேகத்தில் ஏறவில்லை.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியே, இங்க எல்லாரும் இப்பிடித்தான் இழுக்கிறாங்க, பின் ஸ்பிரிங்குக்குக் காத்துப் பை வெச்சா மட்டமா நிக்கும் என்றார். மட்டமாக நிற்கும், ஸ்டிக்கர் மாறாதே என்றேன். நேற்று ராத்திரி வரை நானும் அந்த வீட்டுக்கு முதல் மார்க் போட்டவன்தான் என்பதால் குரலை உயர்த்த முடியவில்லை. அப்பா போனை வாங்கினார்.

“அந்த வலத்து மாட்டை நீ பாக்கல. உங்கப்பன் பாத்திருக்கான், கேளு.”

“சித்தப்பா, இது மாடு இல்ல, டிரக்கு.”

“புள்ளைங்க எங்க உக்காரும்?”

“பின் சீட்டுல.”

“அதான் கேட்டேன்.”

இரண்டு வாரம் போன் இல்லை. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். பெரியப்பாவிடம் பேசினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மாசிக் கடைசியில் ஒரு படம் வந்தது. இருபத்தொன்பது அடி, ஒற்றை சோபா, தனித்தீவு இல்லை. முழு எடை 4,760 கிலோ. இருபது சதவீதம் என்றால் 952, இருபத்து மூன்று கிலோதான் மிச்சம். அண்ணி கூடுதலாக ஒரு இட்லிப் பானை எடுத்து வைத்தால்கூட யோசிக்கணும் என்று கீழே எழுதியிருந்தார்.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பக்கவாட்டில் எடுத்தது. டிரக்கின் பின்பாகம் லேசாக இறங்கியிருந்தது. அரை மணி நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“கொஞ்சம் முன்பாரம்தான். இருக்கலாம். தண்ணிய போய்ச் சேர்ந்த எடத்துல புடிச்சிக்கச் சொல்லு.”